எதிர்ப்பக்கம் கழலும் மரை

எங்கள் வீட்டுப் பின்னறையில் மரம் அறுக்கும் மெஷின்கள் இருபத்து மூன்று இருந்தன. கையில் பிடித்து அறுக்கிற பழைய செயின் ரம்பங்கள். சில என்னைவிட மூத்தவை. என் கணவர் இவற்றை வைத்து ஒரு மரத்தைக்கூட வெட்டியவர் இல்லை. பழைய இரும்புக்கடையில் கேட்பாரற்றுக் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு வருவார், பிரிப்பார், கழுவுவார், ஓட வைப்பார், அலமாரியில் ஏற்றுவார். அவ்வளவுதான். அந்த அறைக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி வீடு.

மகளுக்கு எங்கள் ஊருக்கே வேலை மாற்றல் வந்தது. கைக்குழந்தையோடு சனிக்கிழமை வருகிறாள். அவளுக்குக் கொடுக்க வேறு அறை கிடையாது. மெஷின்கள் போக வேண்டும் என்று பதினைந்து நாள் சண்டை போட்டேன். கடைசியில் தலையாட்டினார். இவரைப் போலவே மெஷின் பைத்தியம் பிடித்த கண்ணாடிக்காரர் என்பவர் மொத்தத்தையும் வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று மெஷின்களில், செயினைச் சுழல வைக்கிற கிளட்ச் இறுகிக் கிடந்தது, அதை மட்டும் கழற்றிச் சரிசெய்து தர வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கால் இரண்டும் விண் விண் என்று தெறித்தன.

"ஒண்ணு போச்சு" என்றார். கிளட்ச்சைக் கழற்றும்போது தண்டு முறிந்துவிட்டதாம். புதன்கிழமை இரண்டாவதும் முறிந்தது.

இந்தக் கிளட்ச் சமாசாரம் எனக்கே தெரியும். மற்ற மரை எல்லாம் எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கம்தான் இது கழலும். "கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புய்யா. வழக்கமான பக்கம் திருப்பினா இன்னும் இறுகும், உடைஞ்சுதான் போகும்" என்று முப்பது வருஷமாக யார் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷன் அடுத்தடுத்து இரண்டை உடைக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேத்தி வந்து நடையில படுக்கட்டும்னு நினைக்கிறீங்களா?"

"நான் என்ன பண்ணேன்?"

"தெரியாத மாதிரி முழிக்காதீங்க. அறையைக் கொடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க. எதுக்கு இந்த நாடகம்?"

அவர் பின்னறைக்கே திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். மூன்றாவது மெஷினை நானே எதிரில் உட்கார்ந்து பார்ப்பது என்று முக்காலியைப் போட்டுக்கொண்டேன். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பிஸ்டன் நகராமல் இருக்க அந்த ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்தார். எல்லாம் வழக்கம்போல, ஒரு பிசிறு இல்லாமல். பிறகு கிளட்ச்சில் ஸ்பேனரை மாட்டி, பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, தவறான பக்கம் அழுத்த ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க. எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழட்டுற பக்கம்தான்."

முப்பத்தொன்பது வருஷமாக இவர் பொய்யோடு குடித்தனம் நடத்துகிறேன். பொய் சொன்னால் காது மடலைத் தடவுவார், குரல் ஒரு படி மேலே ஏறும். இப்போது இரண்டும் இல்லை. அடுத்து நான் என்ன சொல்வேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் காத்திருந்தார். என்னை ஏமாற்றத்தான் இப்படிச் செய்கிறார் என்று யாராவது வந்து சொன்னால், சொன்னவர் காலில் விழுந்திருப்பேன்.

"கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பிப் பாருங்க" என்றேன்.

திருப்பினார். இரண்டு அழுத்தில் கழன்றுவிட்டது.

"அட, வந்துருச்சே" என்றார் சந்தோஷமாக. "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னாருங்க."

எழுந்து முன்னறைக்குப் போனேன். கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன். அடுத்து மகளைப் போனில் கூப்பிட்டேன்.

"பின்னறை வேண்டாம்மா. நீயும் குழந்தையும் என்கூட முன்னறையில படுத்துக்கங்க. அப்பா அந்த மெஷினுங்களோடவே இருக்கட்டும்."

"என்னம்மா இது? அதுக்குத்தானே பதினஞ்சு நாளா அவரை வறுத்தெடுத்தே?"

"நீ வா, நேர்ல சொல்றேன். முடிஞ்சா நாளைக்கே கிளம்பி வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், துணியில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"கடைசியில நீதான் இறங்கி வந்தே பார்த்தியா?"

"ஆமாங்க" என்றேன். "நீங்கதான் ஜெயிச்சீங்க."