நாலாவது மாடிக்கு ஏறாத தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘காது’தான். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால், பூமிக்கடியில் எந்தக் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டி பேச்சு மட்டும் அந்தக் காதில் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

மழை பொய்த்துப் பொய்த்து, நாலாவது மாடியில் இருந்த அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவது நின்றுபோனது. வீட்டிலேயே மனைவி வைத்திருந்த அழகு நிலையத்தை, தலை அலசத் தண்ணீரில்லாமல் எத்தனை நாள் நடத்துவது? அவள் கடையைப் பூட்டிவிட்டுத் தன் தங்கை ஊருக்குப் போய் அங்கே நாற்காலி போட்டுக் கடை திறந்தாள். “நம்ம வீட்டுக் குழாயில தண்ணி வரட்டும், மறுநாளே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து அவர் சொந்தத் தெருவிலேயே கம்பியும் காதுமாகத் திரிந்தார்.

ஒருநாள் காலை மளிகைக் கடை வாசலில் கேட்டுவிட்டது. அடியில், விடாத ஓர் இரைச்சல். பெரிய கசிவு! இதை அடைத்தால் நாலாவது மாடி என்ன, மொட்டைமாடிக்கே ஏறும். ஆட்களைக் கூப்பிட்டுச் சாலையைத் தோண்டவைத்தார். குழாயைச் சுற்றி மண் பொலபொலவென்று உதிர்ந்தது, பேருக்குக்கூட ஈரமில்லை. இரைச்சல், கடைக்குள் ஓடிய ஃப்ரிட்ஜுடையது.

“காதண்ணே, தண்ணிதான் இல்ல, ஆளுக்கொரு கூல்டிரிங்க்ஸாவது வாங்கிக் குடுங்க” என்றான் தோண்டியவன்.

வேறொரு நாளென்றால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். ஃப்ரிட்ஜையும் தண்ணீரையும் கத்துக்குட்டிகூடப் பிரித்துவிடுவான். காது சரியாகத்தான் சொன்னது; மனசுதான் கேட்கவில்லை.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“ஃப்ரிட்ஜுக்கா ரோட்டைத் தோண்டினீங்க?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏங்க, அங்க இனிமே தண்ணி ஏறாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளுக்குப் பின்னால் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

“உன் கடைக் குழாய் ஒழுகுது.”

“நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க!”

“நெஜமாத்தான். வாஷர் போயிடுச்சு. தண்ணி வீணாப் போகுது, ஆளைக் கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?”

“பாக்கலாம்தான்.” குரல் இறங்கியது. “வீட்டுலயே ஒரு ஆள் இருக்காரேன்னு விட்டுட்டேன்.”

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பையில் ஸ்பானர், நூல், பசை எல்லாம் இருந்தன. வாஷரை மட்டும் எடுத்துவைக்கவில்லை. அது கையில் இருந்தால் வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்து தொலைக்கும்.