இடித் தகடு

பேருக்குத்தான் வழிகாட்டி. அருங்காட்சியகத்தின் புயல் தெய்வங்கள் கூடத்தில் நம் ஆள் வைத்ததுதான் சட்டம். காளை மேல் நிற்கும் அடாடு கையில் மின்னல், தோர் கையில் சுத்தியல், இந்திரன் கையில் வஜ்ராயுதம் என்று அளந்துகொண்டே வருவார். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும் நேரம் பார்த்து, அடாடு சிலைக்குப் பின்னால் தொங்கும் தகரத் தகட்டை ஓங்கி ஓர் உதறு உதறுவார். இடி இடித்ததுபோலக் கூடமே அதிரும். பிள்ளைகள் அலறுவார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது அவரே கண்டுபிடித்த வித்தை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அன்று வந்தது அவர் மகளின் வகுப்பு. தன் அப்பாவைப் பற்றி அவள் பீற்றிக்கொள்ள வேண்டுமே என்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

"இந்தச் சாமிங்களுக்குக் கோபம் வந்தா ஊரே காலி. அதனாலதான் ஜனங்க முன்கூட்டியே படையல் வைப்பாங்க. புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லி வைப்பாங்க" என்றவர், தகட்டைப் பிடித்து, வழக்கம்போல மூச்சை இழுத்தார்.

மகள் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். அவள் இந்தக் கூடத்துக்கு முன்னே பின்னே வந்ததில்லை. தகடு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"என்னடி ஆச்சு?" என்றாள் பக்கத்தில் நின்ற தோழி.

"அப்பா மூச்சு இழுத்துட்டாரு. இப்பக் கத்துவாரு. நீயும் பொத்திக்கோ."

டீச்சர் தரையைப் பார்த்தார். வழிகாட்டியின் கை அப்படியே நின்றது. வீட்டில் சாவி காணோம் என்றாலும் இதே மூச்சுதான், டம்ளர் தவறினாலும் இதே மூச்சுதான். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்று இத்தனை நாள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டவருக்கு, வெட்கத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. தகட்டை மெல்ல விட்டார். அது முனகக்கூட இல்லை.

முன்வரிசைப் பொடியன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், இந்தச் சாமிங்க மேல ஜனங்களுக்குப் பாசமே இருக்காதா?"

தினமும் சொல்கிற பதில்தான். அன்று அதை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். அவர் முகத்தையே கவனித்தபடி, அவசரமாகச் சிரித்தாள்.

"இருக்கும்ப்பா. ரொம்பப் பாசம் இருக்கும்."

வழிகாட்டியால் தலை நிமிர முடியவில்லை. படையல் என்றால் என்ன என்று சற்று முன் விளக்கியதே அவர்தான்.