விரல் அவளுடையது, சத்தம் வேறு யாருடையதோ

சுற்றுலா விளம்பரம் எடுக்க டப்ளினிலிருந்து ஆட்கள் வந்தபோது, கிளேர் மாவட்டத்தில் டெர்வ்லாவைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள். முப்பது வருஷமாக ஐரிஷ் பைப் வாசிப்பவள். மதுக்கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது முழங்கைக்குக் கீழே துருத்தியை வார்போட்டுக் கட்டி, இடது கைக்கடியில் காற்றுப்பையை இடுக்கிக்கொண்டு, குழலின் அடியைத் தொடைமேல் ஊன்றி, கேமரா முன்னால் இரண்டு பாட்டு வாசித்தாள். ஒத்துக் குழல்கள் மடியில் ரீங்கரித்தன.

இயக்குநர் ரோனனுக்குத் திருப்தியில்லை. "எந்திரிச்சு நின்னு, வாயால ஊதுற மாதிரி செய்ங்க மேடம். அப்பதான் எடுப்பா இருக்கும்."

"இதுல ஊதறதுக்கு இடமே இல்ல தம்பி. துருத்திதான் இதுக்கு மூச்சு."

"பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது? சத்தத்தை நாங்க சேர்த்துக்குவோம்."

டெர்வ்லா வாரை அவிழ்த்துக் குழல்களைப் பெட்டியில் வைத்தாள். ஒப்பந்தத்தாளில் கையெழுத்துப் போடாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு மதியம் அதே கடையில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது. கடற்பாறை, ஆடுகள், நடுவில் டெர்வ்லாவின் பத்து விரல்கள். சத்தமோ ஸ்காட்லாந்து ராணுவ பைப்பின் அலறல். கணவன் கோர்மக் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான், விரல் அழகாகத்தானே விழுந்திருக்கிறது என்றான். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

மறுநாள் காலை பைப் பெட்டியோடு ரயிலேறி, டப்ளினில் விளம்பரம் எடுத்த நிறுவனத்துக்குப் போனாள். மேலாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறாளா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். டெர்வ்லா நாற்காலியில் உட்கார்ந்து, துருத்தியைக் கட்டி, ஒத்துக் குழல்களைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். நாலாவது பாட்டுக்கு மாடியில் வேலை நின்றுபோனது. ஐந்தாவதுக்கு மேலாளரே இறங்கி வந்தார். தவறு நடந்துவிட்டது, அவள் கைகளை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுகிறோம் என்றார்.

"கையை எடுக்கச் சொல்லலங்க. சத்தத்தை மாத்தச் சொல்றேன்."

தலையாட்டினார். அடுத்த வாரம் விரல்கள் காணாமல் போயின. அலறல் அப்படியே இருந்தது.

விளம்பரம் வந்ததும் கடைக்காரர் அவளுக்காகத் தொலைக்காட்சியை அணைக்கப் போனார். டெர்வ்லா தடுத்தாள்.

"ஓடட்டும். அந்த மேலாளருக்கு ஒரு கடுதாசி எழுதணும், கோபம் ஆறிடக்கூடாது."

கோர்மக் எழுந்துபோய்ப் பேனா வாங்கி வந்தான்.