சுண்டுவிரலில் எறும்பு இல்லை

என் கணவர் சிரிலுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. போசரியில் ஒரு கம்பெனி ஆபீசில் அதை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைக்கிறார். அதனால் டாக்டர் அறையில் என் உடம்புக்கும் அவரே வக்கீல். வீட்டில் நான் மூச்சு முட்டச் சொன்னதையெல்லாம் அங்கே போய் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஹேண்ட் பெயின், டாக்டர். வீக்னஸ்." டாக்டர் சத்து மாத்திரை எழுதுவார். நான் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகும்.

பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில் தமிழ் செல்லாது. என் இந்தி கடைத்தெரு இந்தி. கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேச அது போதும்; ராத்திரியில் என் கைக்குள் நடக்கிற கூத்தைச் சொல்ல அது காணாது. பிம்ப்ரியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் குறித்ததும் முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை நானே பேசுவேன். எந்த மொழியில் பேசி என்னை ஒதுக்குகிறார்களோ அதே மொழியில்.

சிரில் சிரித்தார். "இந்த வயசுல ஏபிசிடியா மணி? நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க இருக்கதுனாலதான் படிக்கேன்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை, பேப்பரைப் புரட்டினார்.

கட்கியில் எங்கள் பக்கத்து வீட்டு ஹெலினா எல்கேஜி டீச்சர். பிள்ளைகளுக்குக் காட்டும் படங்கள் இரண்டைத் தந்தாள். ஒன்றில் ஒரு பையன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், உடம்பு முழுக்க அம்புக்குறி. எல்போ, ரிஸ்ட், தம்ப். சமையலறைச் சுவரில் ஒட்டினேன், தோசை வேகிற நேரமெல்லாம் படிப்புதான். கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு பேர் வைத்தவன் சுண்டுவிரலை வெறும் சின்ன விரல் என்று விட்டுவிட்டானே, ஏன் என்று ஹெலினாவிடம் கேட்டேன். இதுவரை ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை என்றாள்.

உறுப்பெல்லாம் வந்துவிட்டது. வலிதான் வரவில்லை.

"ஹெலினா, குடைச்சலுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"பெயின்க்கா."

"சுருக்குன்னு குத்துனா?"

"அதுவும் பெயின்தான்."

"விண்ணு விண்ணுன்னு தெறிச்சா? மதமதன்னு மரத்துப்போனா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, எல்கேஜில மூணே மூணு வலிதான். ஹெட் ஏக், ஸ்டமக் ஏக், டூத் ஏக். அதுக்கு மேல எங்க பிள்ளைங்களுக்கு வலிக்காது."

உலகத்தையே ஆண்ட வெள்ளைக்காரனுக்கு மூன்று வலிதானா? பெரியவர்களுக்கென்று வேறு இருக்கும்தான், ஆனால் அந்த வகுப்புக்கு நான் போய்ச் சேருவதற்குள் என் கை போய்விடும். மரத்த கையை உதறிக்கொண்டே இரண்டாவது படத்தைப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு எறும்பு போட்டிருந்தார்கள். ஆன்ட். என் கைக்குள் ஊர்வது அதுதானே என்று அப்படியே நின்றுவிட்டேன். வலிக்குப் பேர் இல்லையென்றால் போகட்டும், வலி எது மாதிரி இருக்கிறது என்பதற்குப் பேர் இருக்கிறதே. அன்றிலிருந்து அந்தப் படம் முழுக்க என் கையைத் தேடினேன். நீடில் கிடைத்தது, ஃபயர் கிடைத்தது. இக்ளூ என்று ஒரு பனிவீடும் இருந்தது, அது எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

பிம்ப்ரி டாக்டர் ஓர் இளம் பெண். மற்ற டாக்டர்களைப் போல அவரும் சிரிலைப் பார்த்துத்தான் கேட்டார். சிரிலும் ஆரம்பித்துவிட்டார். "ஹோல் ஹேண்ட் பெயின், டாக்டர். லாஸ்ட் சிக்ஸ் மன்த்ஸ்."

விடுவேனா? "நோ. டாக்டர், ஐ டெல்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். கையை மேசைமேல் வைத்தேன்.

"நைட். ஹேண்ட் இன்சைட். ஆன்ட்ஸ் வாக்கிங்."

சிரிலுக்கு மானம் போய்விட்டது. "ஷி மீன்ஸ்..." என்று குறுக்கே வந்தவரை டாக்டரம்மா கையமர்த்தினார். எறும்பு எங்கெல்லாம் நடக்கிறது என்று என்னையே காட்டச் சொன்னார். கட்டைவிரல், அதற்கடுத்தது, நடுவிரல் என்று தொட்டுக் காட்டினேன்.

சுண்டுவிரலைத் தொட்டு, "ஹியர்?" என்றார்.

"லிட்டில் ஃபிங்கர், நோ ஆன்ட்ஸ்."

"ஷ்யூர்?"

"ஷ்யூர். நோ ஆன்ட்ஸ்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஊர ஆரம்பித்தது. "ஆன்ட்ஸ் கமிங்," என்றேன். தலையாட்டிவிட்டுத் தாளில் ஒரு கை வரைந்தார். மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது, அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை, அதனால்தான் அங்கே எறும்பு இல்லை என்று பாதி இந்தியிலும் பாதி படத்திலும் எனக்கே சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். நான் பாட்டுக்கு உளறவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"சின்ஸ் வென்?" என்று என்னைக் கேட்டார்.

"ஃபோர் இயர்ஸ்."

டாக்டரம்மா என் கட்டைவிரல் அடியைச் சிரிலுக்குக் காட்டினார். சதை வற்றிக் குழிந்திருந்தது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ராத்திரியில் ஒரு பட்டை கட்டிப் படுத்தே சரிசெய்திருக்கலாமாம். இப்போது கீறித்தான் ஆகவேண்டும், போன பலம் எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லையாம்.

சிரில் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "நாலு வருசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"உங்ககிட்டதான் சொன்னேன்," என்றேன். "நீங்க டாக்டர்கிட்ட சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

கோபத்தில்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்து, என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பழக்கதோஷத்தில் சிரில் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அதைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் என்னிடம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நத்திங், டாக்டர்," என்றேன்.