நடக்காமல் போன பைனல்

ஜான்ரோசுக்கு அறுபத்திரண்டு வயது, எடை நூற்றுப் பதினாலு கிலோ. ராணுவத்தில் இருந்த காலத்தில் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பிரிவில் அகில இந்தியத் தங்கம் வாங்கியவர் என்று அருமனை முக்கில் எல்லோருக்கும் தெரியும். பைனலில் ஒரு குத்துகூட விடாமல் வாங்கிய தங்கம் என்பதும் தெரியும்.

அன்றைக்கு எதிரே நின்றிருக்க வேண்டியவர் குளச்சல் சிலுவை. ரயில்வே அணிக்காரர். ஒரே மாவட்டத்து ஆட்கள் இரண்டு பேர், பாஷை தெரியாத வடக்கத்தி ஊர் ஒன்றில் மோதிக்கொள்ள வேண்டியது. அரையிறுதியில் சிலுவையின் வலது புருவம் கிழிந்துபோனது. டாக்டர் ரிங்கில் ஏற விடவில்லை. வாக்கோவர் என்று அறிவித்து, நடுவர் ஜான்ரோசின் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். முப்பத்து நாலு வருஷம் ஆகிறது.

நடந்த சண்டை என்றால் ஊர் ஒரு மாதம் பேசிவிட்டு விட்டிருக்கும். நடக்காததால் பேச்சு ஓயவில்லை. ஷாஜனின் மொபைல் கடை வாசலில் காலை பத்து மணிக்கு அது தானாகவே ஆரம்பிக்கும். ஷாஜன் துபாயில் பதினோரு வருஷம் இருந்து திரும்பியவன், ஜான்ரோசின் கட்சி. எதிர்க்கட்சி செசிலி. குளச்சலில் இருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவந்து விற்கிறவள், சிலுவையின் சகோதரி மகள். மாமா வீட்டு வீடியோ கேசட்டுகளைப் பார்த்து வளர்ந்ததில், உலகத்து ஹெவிவெயிட்டுகள் எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

அந்த டிசம்பரில் பேச்சு போர்மேன், டைசன் பக்கம் திரும்பியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது டைசன் ரிங்கில் ஏறியதை எல்லோரும் மொபைலில் பார்த்து முடித்த சமயம்.

"அது போட்டும். நாப்பத்தஞ்சு வயசில போர்மேன் திரும்பப் பட்டம் எடுத்தாரு. மறு வருசம் டைசன் ஜெயில்ல இருந்து வெளிய வந்தாரு. அப்பம் ரெண்டு பேரும் ஏறியிருந்தா?" என்று கேட்டான் ஷாஜன். பதிலையும் அவனே சொன்னான். "நாலு ரவுண்டு. டைசன் முடிச்சிருவாரு."

செசிலி சாளை எண்ணிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "டைசன் குனிஞ்சுதான் உள்ள வரணும். குனிஞ்சு வாறவனுக்குப் போர்மேன் கீழ இருந்து வச்சிருவாரு. பிரேசியர ஆறு தடவ தள்ளினது பின்ன எப்பிடி?"

"அப்பம் போர்மேனுக்கு வயசு இருபத்தி நாலு பிள்ளே."

"வயசானா கை மறந்துருமா?"

இரண்டு பேரும் ஜான்ரோசைப் பார்த்தார்கள். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டு, "கால்தான் முதல்ல போவும். நாலு ரவுண்டு தாண்டினா போர்மேன், தாண்டலேன்னா டைசன்" என்றார். இந்த மாதிரித் தீர்ப்பு சொல்வது அவருக்குப் பிடிக்கும். சொல்லும்போது குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

"அப்பம் நம்ம அண்ணனும் குளச்சல்காரரும்? இப்பம், இந்த வயசில ஏறினா?" ஷாஜன் சும்மா கேட்கவில்லை. வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு அவன்தான் செயலாளர். "மூணு ரவுண்டு. ரெண்டு ரெண்டு நிமிசம். சும்மா ஒரு காட்சிக்கு."

ஜான்ரோஸ் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் செசிலி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து, போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"மாமா, அருமனை ஜான்ரோஸ் அண்ணன்கூட ரிங்ல ஏறுவீங்களான்னு இங்க கேக்காவ."

பின்னால் கடல் இரைச்சல் கேட்டது.

"எண்ணைக்கு?"

"ஜனவரி பத்தொம்பது. ஞாயிறு."

"வாறேன்" என்றார் சிலுவை. போன் வைக்கப்பட்டுவிட்டது.

கடையில் ஆரவாரம். ஜான்ரோஸ் மட்டும் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தார். உள்ளே வந்தது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்தது. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வந்தது. அதற்குப் பிறகு வந்ததில்லை.

மனைவி லீலாபாய்க்கு விஷயம் தெரிந்தபோது அவள் கோபப்படவில்லை. "முட்டு மடக்கி ஜெபத்துக்கு இருக்க முடியல. ரிங்ல ஏறப் போறீங்களாக்கும்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் மறுநாள் முதல் ராத்திரிச் சோற்றைக் குறைத்து, அவித்த முட்டை வைத்தாள். காலையில் ரப்பர் பால் எடுத்து முடித்ததும் ஜான்ரோஸ் தோட்டத்துச் சரிவில் மூச்சிரைக்க நடந்தார். யாரும் இல்லாத இடத்தில் நின்று காற்றில் குத்திப் பார்த்தார். இடது கை நினைத்த இடத்துக்குப் போகவில்லை. இடது பக்கத்து மரங்கள் கொஞ்ச நாளாகவே மங்கலாகத்தான் தெரிந்தன. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தார்.

டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் மேடை கிடையாது என்று வாசகசாலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் விழாவுக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு பேரும் நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டரம்மாவின் வாசலில், ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணத்திலும் இரண்டு அடக்கத்திலும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியது உண்டு. பேசியது இல்லை. சிலுவை மெலிந்திருந்தார். தோள் மட்டும் அப்படியே இருந்தது. புருவத்துத் தழும்பில் மயிர் முளைக்கவே இல்லை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆன ஆள்.

"போர்மேனும் டைசனும் ஏறினா நாலு ரவுண்டு கணக்கு சொன்னீராமே" என்றார் சிலுவை, முகத்தைத் திருப்பாமல்.

"செசிலி சொன்னாளா?"

"அவ எல்லாத்தையும் சொல்லுவா. உம்ம கணக்கு தப்பு ஓய். டைசனுக்கு ஜெயிலுக்குப் போவும்முன்னயே தலையாட்டம் நிண்ணு போச்சு. ஒரு ரவுண்டுகூட நான் குடுக்க மாட்டேன்."

"தலையாட்டம் நிண்ணா என்ன? கை நிக்கலியே. அந்தக் கை ஒண்ணு போதும்."

"போர்மேனுக்க தாடை எருமத் தாடை. ஒண்ணு வாங்கினா நிப்பாரு."

டோக்கன் பதினெட்டில் இருந்து முப்பத்தொன்று வரை இது ஓடியது. பக்கத்தில் இருந்த கைக்குழந்தைக்காரி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். ஜான்ரோசுக்கு மனம் லேசாகியிருந்தது. அருமனை முக்கில் இவ்வளவு தெரிந்த ஆள் ஒருவன்கூட இல்லை.

பிறகு சிலுவை குரலைத் தாழ்த்தி, "நம்ம சண்டையையும் நான் நடத்திப் பாத்திருக்கேன்" என்றார்.

"எப்பம்?"

"எப்பமும்தான். வீட்டுக்காரி செத்த பிறவு கூடுதல். உறக்கம் வரலேன்னா அது தான ஓடும். முதல் ரவுண்டு உமக்கு. நீரு நீளக்கை. என்ன கிட்ட விடமாட்டீரு. ரெண்டாவது ரவுண்டுல நான் விலாவுக்கு மட்டும் குத்துவேன். வேற எங்கயும் இல்ல. மூணாவதுல நான் இடது தோளத் தாத்துவேன். விலாவுக்கு வருதுன்னு நெனச்சு நீரு கைமுட்டிய இறக்குவீரு. அப்பம் வலது மேல வரும்."

அவர் வலது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் மூடின. ஜான்ரோஸ் அந்தக் கையைப் பார்த்தார். முட்டியை இறக்குவது அவருடைய பழக்கம்தான். பயிற்சியாளர் எத்தனை தடவை திட்டியும் போகாத பழக்கம். ராணுவ அணிக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

டாக்டரம்மா சிலுவையை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஜான்ரோசின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தவர், கண் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். இடது கண்ணின் விழித்திரை ஓரத்தில் மெலிந்து கிடக்கிறது, தலையில் ஒரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்றார்கள். லேசர் வைக்க நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

வெளியே சிலுவை போகாமல் நின்றுகொண்டிருந்தார், கையில் சர்ட்டிபிகேட்டை நாலாக மடித்துப் பிடித்தபடி. ஜான்ரோஸ் விஷயத்தைச் சொன்னார். சிலுவை காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜான்ரோசுக்கு மறைத்து வைக்க முடியாமல் போயிற்று.

"பைனலுக்க அண்ணைக்கு காலையில நான் மூணு தடவ கக்கினேன்" என்றார். "நீரு செமியில அந்தப் பஞ்சாபிக்காரனப் போட்டத நான் பாத்தேன். அந்த வலது கையப் பாத்தேன். எனக்குப் பேடி. சாதாரணப் பயம் இல்ல. உமக்குப் புருவம் கிழிஞ்சு போச்சு, ஏற மாட்டீருன்னு வந்து சொன்னப்பம், நான் குளிமுறிக்குள்ள போய்க் கதவச் சாத்தி முட்டுப் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நீரு ஜெயிச்சிருப்பீரு. அத நான் யாருட்டயும் சொன்னதில்ல. எனக்க பெண்டாட்டிக்கும் தெரியாது."

சிலுவை சாலையைப் பார்த்தபடி நின்றார். "நான் அண்ணைக்கு டாக்டருக்க காலப் பிடிச்சேன். ஏற விடும்னு" என்றார்.

"விழாவுல மேடையேறி எல்லாரும் கேக்கச் சொல்லுகேன். உமக்க கையத் தூக்கிக் காட்டுகேன்."

"வாக்கோவரா?" சிலுவையின் குரல் கடுத்தது. "அது எப்பிடி இருக்கும்னு உமக்குத் தெரியும். முப்பத்தி நாலு வருசம் வச்சுப் பாத்திருக்கீரு. அதத்தான் எனக்குத் தாறீராக்கும்?"

அவர் விறுவிறுவென்று பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். குளச்சல் பஸ் வந்தது, நின்றது, போனது. சிலுவை ஏறவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"கையில பேட் மாட்டிப் பிடிக்க டாக்டர் வேண்டாம்னு சொன்னாவளா?"

"சொல்லல."

"நெஞ்சுக்கு நேர பிடியும். மூணு ரவுண்டு. நான் குத்துகேன்."

விழாவன்று மாலை நாலு மணிக்கு வாசகசாலை வாலிபால் மைதானத்தில் வடம் கட்டி ரிங் போட்டிருந்தார்கள். சண்டை இல்லை, ஜான்ரோஸ் கையில் பஞ்சு பேட் மாட்டிப் பிடிப்பார், சிலுவை குத்துவார் என்று ஷாஜன் மைக்கில் சொன்னதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் கடலை மிட்டாய்க் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். முன்வரிசையில் லீலாபாய் இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து உட்கார்ந்திருந்தாள். கண் சமாச்சாரத்தை அவளிடம் சொல்லியிருந்தார். கக்கிய சமாச்சாரத்தைச் சொல்லவில்லை.

முதல் ரவுண்டில் சிலுவை கால் தேடினார். குத்துகள் பேட்டில் பட்டு வழுக்கின. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது ரவுண்டில் சிரிப்பு நின்றது. இடம் வலம், இடம் வலம் என்று கீழே மட்டும் வந்தது. ஜான்ரோஸ் பேட்டை விலாவுக்கு இறக்கி இறக்கி வாங்கினார். ஒவ்வொன்றும் தோள் வரை ஏறியது. மிட்டாய்க் கடைக்குப் போனவர்கள் வடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். மணி அடித்தபோது இரண்டு பேருக்கும் நெஞ்சு ஏறி இறங்கியது.

மூன்றாவது ரவுண்டில் என்ன வரும் என்று ஜான்ரோசுக்குத் தெரியும். சிலுவை சொல்லித்தான் இருக்கிறார். ஒரு நிமிஷம் வரை வரவில்லை. அதற்குப் பிறகு சிலுவையின் இடது தோள் லேசாகத் தாழ்ந்தது. தெரிந்தும் ஜான்ரோசின் கைமுட்டி இறங்கியது. சிலுவையின் வலது கை மேலே வந்தது. ஜான்ரோஸ் பேட்டைத் தூக்கினார். தூக்கியது தாமதம். கையுறை அவருடைய இடது கன்னத்தில் இருந்து ஒரு விரல்கடைத் தூரத்தில் நின்றது. அதன் காற்று முகத்தில் அடித்தது. அந்த நொடியில் பேட்டும் வந்து கையுறையில் மோதியதால் பெரிய சத்தம் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

சிலுவை கையை இறக்காமல் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. மெல்லத் தலையை ஜான்ரோசின் தோளில் சாய்த்தார். வியர்வையும் தைல வாசனையும் அடித்தது.

"இப்பமும் பேடி உண்டா ஓய்?"

"உண்டு" என்றார் ஜான்ரோஸ்.

சிலுவையின் முதுகு குலுங்கியது. மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சிலுவை அழுகிறார் என்று வடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை.

விழா முடிந்து லீலாபாய் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் செய்து வைத்திருந்தாள். சிலுவைக்கு விரல் முட்டிகள் வீங்கிப்போய் விரல் மடங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் கரண்டி கொண்டுவந்து வைத்தாள். அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

முற்றத்தில் ஷாஜனும் செசிலியும் ஆரம்பித்திருந்தார்கள்.

"கடைசிக் குத்த அண்ணன் எப்பிடித் தடுத்தாரு பாத்தியா? அறுபத்திரண்டு வயசில அந்தக் கை வேகம்."

"தடுத்தாரா? மாமா நிறுத்தினது. எனக்குக் கண்ணு இல்லியா?"

ஜான்ரோஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார். லீலாபாயும் வாசலுக்கு வந்தாள். "செசிலி சொல்லுகதுதான் சரி. நான் தடுக்கல. அவரு நிறுத்தினாரு" என்றார் ஜான்ரோஸ். கொஞ்சம் நின்று, "பைனலுக்க அண்ணைக்கு நான் பேடிச்சு மூணு தடவ கக்கினேன். ஏறியிருந்தா அவருதான் ஜெயிச்சிருப்பாரு" என்றார்.

லீலாபாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டியா?" என்று ஷாஜன் செசிலியிடம் திரும்பினான். "வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அண்ணன் குடுக்கிய மரியாதையப் பாத்தியா? இதுதான் எங்க ஆளு. நான் சொல்லுகேன், அந்தப் பைனல் ரெண்டு ரவுண்டு தாண்டியிருக்காது."

ஜான்ரோஸ் வாயைத் திறந்தார். செசிலி அதற்குள் ஷாஜனின் மேல் பாய்ந்துவிட்டாள். அவர் சொன்னதை அவளும்கூட நம்பியதாகத் தெரியவில்லை. தன் பக்கத்து வாதத்தை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

லீலாபாய் அவருடைய கையைத் தொட்டு, "வாங்க" என்றாள். உள்ளே சிலுவை இரண்டு தட்டிலும் மீன் வைத்துவிட்டு, அவர் வந்து உட்காரக் காத்திருந்தார்.