ஒரே ஒரு குழந்தையை வைத்து ஒரு சோதனை

பல்பு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவனுக்குப் பெண் பிறந்தால் யார் பாடு திண்டாட்டம்? சந்தேகமே வேண்டாம், அந்தப் பெண் பாடுதான்.

திங்கட்கிழமை மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவன் விடுப்பு வாங்கியாகிவிட்டது. ஐந்து மாதக் குட்டியோ பாட்டிலைக் கண்டாலே ஊரைக் கூட்டினாள்.

"அம்மா வாசனை இருந்தா பாட்டில சீண்ட மாட்டாடா. அவள வெளிய அனுப்பு," என்றாள் போனில் அக்கா. மூன்று பெற்று வளர்த்தவள்.

"மூணெல்லாம் ஒரு கணக்காக்கா? நாங்க ஐநூறு பல்பு எரிச்சுப் பாக்காம வாயத் திறக்க மாட்டோம்."

"அப்போ இன்னும் நானூத்தித் தொண்ணூத்தேழு பெத்துட்டு வரேன், இரு," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

இவன் நோட்டில் கட்டம் போட்டான். பாலின் சூடு, நிப்பிளின் அளவு, பசி நேரம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சோதிக்கும் பொருளில் கை படக்கூடாது. பத்து வருடமாக ஊறிப்போன விதிகள். மனைவியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சனிக்கிழமைக்குள் பதினொரு சோதனை முடித்தான். பதினொன்றும் தோல்வி.

ஞாயிறு மதியம், வேறு வழியில்லாமல், அக்கா சொன்னதையும் சோதிக்க மனைவியை வெளியே அனுப்பினான்.

"போயிட்டியா?"

"போயிட்டேன்," என்றது வாசல் கதவு.

அழுது அழுது குட்டியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. மனைவிக்குப் பொறுக்கவில்லை, கதவைத் தள்ளிப் பார்த்தாள். குழந்தை சாய்வு நாற்காலியில். இவன் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, ஒரு கையில் பாட்டிலை நீட்டிக்கொண்டு, மறு கையில் கடிகாரத்தைப் பிடித்திருந்தான்.

"ஏங்க, இத்தனை நாளா இப்படித்தான் குடுத்தீங்களா? புள்ளையத் தூக்கவே இல்லையா?"

"தூக்கிட்டா எதனால குடிச்சாங்கிறது தெரியாமப் போயிடுமே."

"அவ பல்பு இல்லீங்க!" என்று கத்திவிட்டு அவள் விறுவிறுவென்று தெருவுக்கே இறங்கிப் போய்விட்டாள்.

இவனுக்குச் சுருக்கென்றது. கடிகாரத்தைப் போட்டுவிட்டுக் குட்டியை வாரி எடுத்து மார்போடு அணைத்தான். கழுத்தெல்லாம் அவள் கண்ணீர். வெட்கமாக இருந்தது. அவள் விக்கி விக்கி இவனை முறைத்தாள்; பிறகு பாட்டிலைக் கவ்விக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

தூக்கியதாலா, பசியாலா, பால் ஆறியதாலா, அம்மா நிஜமாகவே போனதாலா? எல்லாம் ஒரே சமயத்தில் மாறித் தொலைந்திருந்தது. தொழிற்சாலையில் இப்படிச் செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

மனைவி திரும்பி வந்து காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"முழுசுமா?"

"முழுசும். நாளைக்கு நீ தாராளமாப் போகலாம்."

"நான் இல்லாமலேயே குடிச்சிட்டாளா?" என்றவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

எதனால் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. குட்டியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவளையும் இழுத்துச் சாய்த்துக்கொண்டான்.