ஏழரைப் புள்ளி

ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாகிவிட்டது. மேலே அரங்கமே குதித்துக்கொண்டிருந்தது. கீழே, உடைமாற்றும் அறைக்குப் பக்கத்து அறையில், டெசா ஹோல்ப்ரூக்கின் கையிலிருந்த கைபேசிக்குள் ஜெயித்த பையனை நாயே பேயே என்று திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைபேசி ஜமீருடையது. பத்தொன்பது வயது, கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இரண்டாம் வருடம். பந்தயம் நடத்துகிறவர்கள் இந்த ஆட்டத்துக்கு வித்தியாசம் ஏழரை என்று வைத்திருந்தார்கள். எட்டுப் புள்ளியிலாவது ஜெயித்தால்தான் இந்த அணிமேல் பணம் கட்டியவனுக்கு லாபம். கடைசி நான்கு நொடியில் ஜமீருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் எறிகிற ஒற்றைப் புள்ளி வாய்ப்பு. ஒன்று விழுந்தது, இன்னொன்று வளையத்தில் பட்டு வெளியே போனது. அரங்கத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கூடைப்பந்தில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையவே கிடையாது, எவனாலும் அதைப் போட முடியாது. ஆனாலும் அந்த அரையில் கவிழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். நாட்டிலுள்ள கல்லூரி அணிகள் மோதும் பெரிய போட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அது நடக்கும் மூன்று வாரத்தில் இந்த நாட்டுக்காரர்கள் சட்டப்படி கட்டுகிற பணம் மட்டுமே முந்நூறு கோடி டாலர் என்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளின் ஆட்டத்தின்மேல்.

பையன் குளித்துவிட்டு வருவதற்குள் அசிங்கத்தையெல்லாம் அழிக்க வேண்டும், மிரட்டியவர்களின் பேரைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். இதுதான் டெசாவின் வேலை. பட்டியலில் ஏறியவனுக்குப் பந்தயக் கணக்கு முடங்கிவிடும், இந்த அரங்கத்துக்குள்ளும் இனி நுழைய முடியாது. அவள் வீட்டிலேயே முதல் பட்டதாரி. நாலு வருஷம் கடன் வாங்கிப் படித்தது ஊரான் வாய்ச் சாக்கடையை அள்ளுவதற்கா என்று அவள் நினைக்காத நாளில்லை.

நாற்பத்தோராவது ஆள் பணம் அனுப்பும் செயலி வழியாக வந்தான். இருநூற்றெண்பது டாலரைத் திருப்பிக் கொடு என்று கோரிக்கை. கூடவே ஒரு வரி: 'ஒண்ணே ஒண்ணு போடத் துப்பில்ல. எதிர்ல வந்தேன்னா கைய ஒடிச்சிருவேன்.'

அனுப்பியவரின் படத்தில் டெசா சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டமளிப்பு அங்கியில், அப்பாவின் தோளில் கை போட்டபடி.

வெர்ன் ஹோல்ப்ரூக். பண்ணை வீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டுகிறவர். கண் தெரியாத கிழட்டு நாய்க்குக் கையால் ஊட்டுகிறவர். பதினேழு வருஷமாக இந்த அரங்கத்தில் அதே இருக்கை. இப்போதும் மேலே அங்கேதான் இருக்கிறார்.

தன் கைபேசியில் அவரைக் கூப்பிட்டாள். "பாத்தியா டெஸ், நம்ம பசங்க கலக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார். அவள் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டினாள்.

"அந்தப் பையன் எங்க இதெல்லாம் படிக்கப் போறான்னு நெனச்சேன்மா. ஆயிரம் பேர் எழுதுறாங்க."

"ஆயிரத்தையும் நான்தாம்பா படிக்கிறேன்."

இந்தக் குளிர்காலத்தில் மொத்தம் எவ்வளவு போனது என்று கேட்டாள். பெரிசாக ஒன்றுமில்லை என்று இழுத்தார். அப்புறம் ஆறாயிரம் என்றார். கூரை மாற்ற வைத்திருந்த பணம். சாயங்காலம் வேறொரு ஆட்டம் இருக்கிறது, அதில் பிடித்துவிடலாம், பேரைத் திங்கட்கிழமை ஏற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அப்பா கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. கத்த வாயெடுத்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களால நிறுத்த முடியுமாப்பா?"

"தெரியலம்மா."

அவள் அந்த வரியை அழித்தாள். பட்டியலில் அவர் பேரை எழுத்துப் பிசகாமல் அடித்தாள்.

ஜமீர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "எத்தன பேரு, மிஸ் டெசா?"

"நாப்பத்தொண்ணு."

"பரவால்ல. போன வாரத்துக்குக் கம்மி." கைபேசியை வாங்கும்போதே அது அதிர்ந்தது. இருநூற்றெண்பது டாலர் கேட்ட கோரிக்கையை யாரோ வேண்டாம் என்று திரும்பப் பெற்றிருந்தார். அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"இவர மட்டும் விட்டுடுங்களேன், மிஸ் டெசா. அவரே திருப்பி எடுத்துக்கிட்டாரே."

"சாயங்காலம் இன்னொரு ஆட்டம் இருக்கு" என்றாள் டெசா. பட்டியலை அனுப்பிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக மேலே ஏறினாள்.